இரண்டு வழியாலும் பெற்றவள்

மகள் பிறந்து வாய் நிறைய அழுதாள். அவளைத் துடைத்து என் நெஞ்சில் கிடத்தினார்கள். இரட்டைப்பிள்ளைகளில் மூத்தவள். "இனி மற்றவர் வரவேணும், களைச்சுப் போகாதேங்கோ அக்கா" என்று தாதி சிரித்தபடி சொன்னாள். என்னைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே இருந்த கையை எடுக்காமல், பக்கத்தில் நின்றவளிடம் "டொக்டரைக் கூப்பிடு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்குப் பெயர் தொப்புள்கொடி இறக்கம் (பிள்ளைக்கு முன்னால் கொடி நழுவி வந்து, பிள்ளையின் தலை அதை நெரிப்பது) என்று பிறகு அறிந்தேன். தலை கொடியை நெரிக்காமல் அந்தத் தாதி உள்ளே கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். சத்திரசிகிச்சைக்கூடம் வரைக்கும் என் கட்டிலிலேயே முழங்காலில் இருந்து, கையை எடுக்காமல் வந்தாள். நெஞ்சிலிருந்த மகளை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை முழு மயக்கத்தில் ஆழ்த்தினார்கள்.

விழித்தபோது வயிற்றில் வெட்டு, கீழே தையல். ஒருத்தி ஒரே நாளில் இரண்டு வழியாலும் பெறுவாள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பொடியன். உயிரோடை இருக்கிறான்" என்றார்.

"அழுதவனோ?"

அவர் யன்னலைப் பார்த்தார். அவர் தோட்டத்தில் வெங்காயம் செய்கிற மனிதர். பொய் சொல்லத் தெரியாது.

கொடி நெரிபட்டிருந்த நேரம் மகனின் மூளைக்குப் போதிய பிராணவாயு போகவில்லை என்று குழந்தை வைத்தியர் சொன்னார். பிறந்து கொஞ்ச நேரத்தில் வலிப்பும் வந்திருக்கிறது. இனி மூன்று நாளைக்குக் குளிர்விப்புச் சிகிச்சை (உடம்பின் சூட்டைக் குறைத்து வைத்து, மூளை மேலும் பழுதாகாமல் பார்ப்பது). அதன் பிறகு மெல்ல மெல்லச் சூடாக்குவார்களாம்.

இதை மாமிக்கு, அதாவது தன் தாயாருக்கு, விளங்கப்படுத்தக் கணவர் பட்ட பாடு சொல்லி மாளாது. பிள்ளை பெற்ற வீட்டில் காற்றாடி போடவே விடாத ஊர் எங்களுடையது. தாய்க்குக் குளிக்கச் சுடுதண்ணீர், குடிக்க மிளகும் மல்லியும் அவித்த சரக்குத்தண்ணீர், பிள்ளைக்குத் தொப்பி, காலுறை. மாமி இரண்டு பிள்ளைகளுக்கும் கம்பளித் தொப்பி பின்னி வைத்திருந்தா. ஒன்று மகளின் தலையில் ஏறியது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து அழுதா.

"பச்சைப்பிள்ளையைக் குளிரிலை கிடத்தியிருக்கினம். கேக்க ஒரு ஆளில்லையோ?"

நான் மாமியை ஏசினேன். எனக்கு வாய் நீளம், ஊரே சொல்லும். ஆனால் அடுத்த நாள் சக்கர நாற்காலியில் என்னைக் கொண்டுபோய் அவனுக்குப் பக்கத்தில் விட்டபோது மாமி சொன்னதுதான் என் வாயிலும் வந்தது. உடுப்பில்லாமல் கிடந்தான். மூக்கிலும் கையிலும் குழாய்கள். காலைத் தொட்டேன். தண்ணீர் நிரப்பின மண்குடம் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"மிஸ், ஒரு துணியாவது போடலாமோ?" என்று அங்கே நின்ற தாதியைக் கேட்டேன்.

"போர்க்கக்கூடாது அம்மா. தொடலாம்."

பெற்றவளுக்குத் தெரிந்த வேலை பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது. அதைச் செய்யாதே என்றார்கள். பாலும் அவனுக்கு அப்போது வேண்டாம். வேறு என்ன செய்வது? ஒரு விரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் பிடிக்கவில்லை. அங்கே இருந்த நேரம் முழுக்க அப்படியே வைத்திருந்தேன்.

மூன்று நாள் கழித்துச் சூடாக்கினார்கள். அவன் செத்துப்போகவில்லை. வலிப்பு நின்றது. என் பாலைக் குழாயால் கொடுத்தார்கள். அதற்குள் மகள் என்னிடம் ஒழுங்காகக் குடித்து, நித்திரை கொண்டு, எடையும் கூடிக்கொண்டிருந்தாள். அவள் பால் குடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அழுகை வந்தது. அது அவளுக்காக வந்த அழுகை இல்லை.

பிரசவம் பார்த்த வைத்தியரிடம் ஒருநாள் நேரே கேட்டேன். "ரெண்டையும் முதலே வெட்டி எடுத்திருந்தா இவன் சுகமாய் இருந்திருப்பானோ?"

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "வலி வர முதல் எடுத்திருந்தா இந்தக் கொடி இறங்கியிருக்காது. ஓம். ஆனா மூத்தவவின்ரை தலை கீழை இருந்தது. அப்பிடி இருந்தா நோர்மலாய் விடுறதுதான் வழமை. வலி வர முதல் வெட்டி எடுக்கிற பிள்ளையளுக்குச் சிலவேளை நுரையீரலிலை தண்ணி வத்தாமல் மூச்சு முட்டும். உங்களுக்கும் வெட்டினாப் பிறகு வாற கரைச்சல்கள் இருக்கு. நாளைக்கு உங்களை மாதிரி ஒராள் வந்தாலும் நான் அதே முடிவைத்தான் எடுப்பன்."

அவரில் ஒரு பிழை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். சுகப்பிரசவத்துக்கு விட்டது சரி. பிறகு வெட்டியதும் சரி. தாதி கையை எடுக்காமல் வந்ததும் சரி. எல்லாரும் சரியாகச் செய்தார்கள், என் பிள்ளை இப்படி.

பண்டத்தரிப்பில் கூட்டுறவுக் கடையில் எனக்கு வேலை. லீவு முடிந்து போனபோது சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "சுகப்பிரசவமோ, சீசரோ?" ரெண்டும் என்பேன். பகிடி என்று சிரிப்பார்கள். ஒருத்தி, சீசர் என்றால் நோகாமல் பெற்றதாம் என்றா. அவவுக்குப் பருப்பைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். இன்னொருத்தி, முதலே வெட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை என்றா. அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வயிற்றில் இரட்டைப்பிள்ளையோடு இதை வாசிக்கிறவளுக்கு எந்த வழி நல்லது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், விளங்காவிட்டால் திரும்பவும் கேளுங்கள். கடையில் நிற்கிறவர்களிடம் கேட்காதேங்கோ. என்னிடமும்தான்.

வயிற்றுத் தழும்பு ஆறிவிட்டது. மழை இருட்டினால் இழுக்கும். கீழே தைத்தது எப்போதோ மறந்துபோனது. ஒரே நாளில் வந்த இரண்டு காயமும் ஒரே உடம்பில் வேறு வேறு வயதோடு கிடக்கின்றன.

மகன் நிமிர்ந்து இருப்பானா, நடப்பானா, கதைப்பானா என்று கேட்டால், வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டில் காலத்தை மகளை வைத்துத்தான் எண்ணுகிறோம். அவள் குப்புறப் பிரண்ட அன்று கணவர் "இஞ்சை பாரும், பிரண்டிட்டாள்" என்று கூப்பிட்டார். ஓடி வந்தேன். இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம். அவன் மல்லாக்கக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் புதிதாக எது செய்தாலும் எனக்குக் கணக்கில் ஒன்று கூடுகிறது. இனி அவன் அதையும் செய்வானா என்று காத்திருக்க வேண்டும்.

போன கிழமை பாயில் அவனைக் கிடத்தி, கால்களை மடக்கி நீட்டுகிற பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். மகள் பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்து, முதல்தரம் எழும்பி நின்றாள். நின்றுகொண்டு என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டாள். கைதட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் அவனுடைய கால்களைப் பார்த்தேன். அவை என் கையில் சும்மா கிடந்தன.

திரும்பியபோது அவள் கதிரையை விட்டுத் தானாகவே கீழே குந்திவிட்டாள்.