ஒரே நிறத்தில் இரண்டு போன்

கார்ட்லெஸ் போன் வந்த புதிதில் என் கணவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தார். சரவணம்பட்டியில் அவருடைய அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. ஒரு வீட்டுக்கு எது வாங்கினாலும் மற்ற வீட்டுக்கும் அதையே வாங்க வேண்டும். நிறம் மாறினால்கூட மனத்தாங்கல் வந்துவிடும். மிக்சி, டிவி எல்லாம் அப்படி வந்தவைதான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இருவரும் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம். முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டபோது, இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். ஒயர் இல்லாத போனின் வசதியே அதுதானே! இறங்கி வந்து, குறை தன்னிடம்தான் என்றார்.

“உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லிப்போடாத அம்மணி.”

“நான் ஏனுங்க சொல்லப்போறேன்?”

சொல்லவில்லை. அம்மா என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள், அதையும் கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் மகனுக்குக் காது குத்து வந்தது. பந்தியில் இவருடைய அத்தை பக்கத்தில் வந்து முதுகைத் தடவி, “ஆம்பளைங்களுக்கும் இப்பெல்லாம் மருந்து இருக்குதாமா கண்ணு” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

வீட்டுக்கு வந்து சண்டை ஒன்றும் போடவில்லை. “நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும்” என்றார். அதோடு பேச்சு நின்றது. குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முதலில் அழுதேன், பிறகு அதுவும் வரவில்லை. சமைத்தேன், துணி மடித்தேன், விருந்தாளிகள் வந்தால் சிரித்தேன். கோபமாவது வந்திருக்கலாம். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது போல நாட்கள் போயின.

ஒருநாள் மத்தியானம் அம்மாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். டயல் டோனுக்குப் பதிலாக என் ஓரகத்தியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து யாரிடமோ புடவை விலை பேசிக்கொண்டிருந்தார். சோற்றுக்கு வந்து இலை முன் உட்கார்ந்திருந்த இவர் காதில் போனைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரே மாதிரி பார்த்து வாங்கிய இரண்டு போனும் ஒரே அலைவரிசையில் இருந்திருக்கின்றன. அங்கே பேசினால் இங்கே கேட்கிறது, இங்கே பேசினால் அங்கே.

“அன்னைக்கு டாக்டர் பேசுனதும் இப்படித்தானுங்க போயிருக்கும்” என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“அண்ணி வேணும்னு கேட்டிருக்க மாட்டாங்க. தெரியாம காதுல உழுந்திருக்கும்” என்றார்.

நான் சொன்னதை நம்ப அவருக்கு ஒரு போன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நம்பிவிட்டார். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.