வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த ஷெல்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நானும் என் கணவர் சேவியரும் லண்டன் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் நின்றோம். எங்கள் நடுவில், நான் மீன் வாங்கக் கொண்டுபோகும் நீல ட்ரொலி. அதற்குள் துவாயில் சுற்றிய பித்தளைக் கோது ஒன்று. இருபத்தைந்து இறாத்தல் பீரங்கியின் வெற்றுத் தோட்டாக் கோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சாமான். மருந்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் சேவியர் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார்.

"பொலிஸ் மறிச்சால் என்னத்தைச் சொல்லப்போறீர்?"

"பூச்சாடி எண்டு சொல்லுவன்."

"உமக்கு விசர், றீற்றா. முழு விசர்."

விசர்தான். என் வீட்டு முன்னறையில் ஏழெட்டுக் கோதுகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்க வருகிற சனமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்த நீ, காசு குடுத்து ஷெல் வாங்குறியோ? ஓம், வாங்குறன். மன்னாரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் பங்கருக்குள் குப்புறக் கிடந்து அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். வெடித்த பிறகு சிதறல்களைக் கண்டிருக்கிறேன். முழுதாக ஒன்றைக் கண்டதே இல்லை. என்னைக் குனிய வைத்த சாமான் என்ன நிறம், என்ன பாரம் என்று கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கோதுகள் அந்த ஆசையைத் தீர்க்கவில்லை. சுட்டதும் கோது பீரங்கியடியிலேயே விழுந்துவிடும். எங்களிடம் வருவது முன்னால் இருக்கும் இரும்புக் குண்டு. உள்ளே வெறுமையாக்கிய அப்படி ஒரு குண்டுதான் வால்தம்ஸ்டோவில் டெனிஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் இருந்தது. தருகிறேன் என்று சொன்னவர், என் கோதின் படத்தைக் கேட்டார். அனுப்பினேன். அதோடு வந்தது வினை.

எங்கள் கோயிலில், மாதா கோயிலைத்தான் சொல்கிறேன், திருநாளுக்கு முன்னர் பீடத்துப் பித்தளைச் சாமான்களைப் பெண்கள் முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மினுக்குவோம். அந்த முறை என்னுடையது. மெழுகுதிரிக் கால்களைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த கையோடு, பக்கத்தில் கறுத்துப்போய் நின்ற கோதையும் இழுத்துவைத்துத் தேய்த்துவிட்டேன். தங்கம் மாதிரி வந்தது. பெருமையாகத்தான் படம் எடுத்து அனுப்பினேன். டெனிஸ் பதில் எழுதினார்: "எத்தனையோ வருடத்து நிறத்தை உரித்துவிட்டீர்கள். என் குண்டை உங்களுக்கு விற்கமாட்டேன்."

விற்கமாட்டேன் என்றுதானே எழுதினார்? வரவேண்டாம் என்று எழுதவில்லையே. நேரில் பார்த்தால் மனம் மாறலாம் என்று, மினுக்கிய அந்தக் கோதையும் ட்ரொலியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சேவியர் ஏன் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாணவேடிக்கைக் காலத்தில் முதல் வெடி கேட்டதும், ஏதோ தேடுகிற மாதிரிப் படிக்குக் கீழேயுள்ள அலுமாரிக்குள் போய் நிற்கிற மனிதர் அவர். என் கோதுகளில் ஒன்றைக்கூட இதுவரை விரலால் தொட்டதில்லை. தூசு தட்டினாலும் அவற்றைச் சுற்றித்தான் தட்டுவார். "ஷெல்லுக்காக வரேல்லை, உமக்காக வாறன்" என்று ரயிலில் ஏறும்போது சொன்னார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒன்பது மணி. விக்டோரியா ஸ்டேஷனில் இறங்கிப் பாதாள ரயிலுக்கு மாறினோம். வரைபடத்தில் நீலமாகப் போகும் அந்தப் பாதையின் வடக்குக் கோடிதான் வால்தம்ஸ்டோ. லண்டனின் தெற்குப் பக்கத்தில் ஏறி, ஆற்றைத் தாண்டி, பிறகு நகரத்துக்கு அடியால் புழு மாதிரி நெளிந்து போக வேண்டும். தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வெளியே வந்தால் சந்தைத் தெரு. தக்காளி கிண்ணக் கணக்கில், சேலை, சூட்கேஸ், மீன், தொலைபேசி உறை, முடிவே இல்லாமல் நீண்டு கிடக்கிறது. ஒரு தமிழ்க் கடையில் கடலை வடை வாங்கினோம். மூன்று வடை இரண்டு பவுண். எங்கள் பக்கத்திலும் அதே விலைதான், ஆனால் இங்கே வடை பெரிது.

பத்தே முக்காலுக்கு டெனிஸின் கதவைத் தட்டினேன். சேவியர் உள்ளே வரமாட்டேன் என்று வாசல் மதிலில் குந்திவிட்டார். டெனிஸ் மெலிந்த மனிதர், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. அவருடைய ஆங்கிலத்தை எனக்குக் கேட்ட மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

"முடியாது என்று எழுதினேனே."

"குண்டு தரமுடியாது எண்டு எழுதினீங்கள். தேத்தண்ணியும் தரமாட்டீங்களோ?"

சிரிக்கக்கூடாது என்று நினைத்திருப்பார், சிரித்துவிட்டார். கதவும் திறந்தது.

உள்ளே பாதி அறை பெட்டிகள். வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரை ஊரில் இருக்கும் மகளின் சின்ன வீட்டுக்குப் போகிறாராம். சேகரித்ததில் அநேகம் போய்விட்டது. இந்த ஒன்றைக் கேட்டு வந்தவர்களெல்லாம் இதைத் துளைத்து மேசை விளக்கின் தண்டாக்குகிற ஆட்கள் என்று எரிச்சலோடு சொன்னார். பிறகு என் கோதைத் துவாயிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதைப் போட்டீர்கள்?"

"புளி."

"அதைச் சாப்பிடுவீர்கள் இல்லையா?"

"அதில ரசமும் வைப்பம்."

கோதை மேசையில் வைத்துவிட்டு, ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். மற்றவர்களுக்குச் சரித்திரம், பொழுதுபோக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அவருக்கு உள்ளதைச் சொன்னேன். பங்கர், இருட்டு, தலைக்கு மேலால் போகிற சத்தம், போய் விழுகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. டெனிஸ் எழுந்தார். உள்ளே போய், வெளிறிய ஒரு கம்பளிச் சால்வையில் அதைச் சுற்றிக் கொண்டுவந்தார்.

பச்சை நிறம். பெயின்ற் அங்கங்கே உதிர்ந்திருந்தது. மூக்குக் கூராக, உடல் உருளையாக. பக்கத்தில் ஒரு துளை.

"விரலை விட்டுப் பாருங்கள்" என்றார்.

விட்டேன். குளிர்ந்த இரும்பு, அதற்கு அப்பால் வெறும் காற்று. இரண்டு கையாலும் தூக்கினேன். பத்துக் கிலோ அரிசிப் பையின் பாரம்தான். இவ்வளவுதானா நீ? இதற்காகவா நாங்கள் மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தோம்? எனக்குக் கோபம்தான் வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

"ஒரு நிபந்தனை. இனி எதையும் மினுக்கக் கூடாது" என்றார் டெனிஸ்.

ஓம் என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வாய் வரவில்லை. "இந்தக் குண்டில கை வைக்கமாட்டன், மாதாவாணை. ஆனால் பித்தளை கறுத்தால் மினுக்குவன். என்னால பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது" என்றேன்.

அவர் என் கையிலிருந்த குண்டை வாங்கித் திரும்பச் சால்வையில் சுற்றினார். "விளக்காக்க மாட்டேன் என்று இங்கே சத்தியம் செய்யாத ஆளில்லை. நீங்கள் ஒருவர்தான் கெட்டதைச் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள்" என்றார். நாற்பது பவுண். உள்ளே வெடிமருந்து ஏதுமில்லை என்ற தாளோடு, சால்வையையும் தந்துவிட்டார்.

திரும்பும் வழியில் விக்டோரியாவில், பாதாளத்திலிருந்து மேலே ஏறிய இடத்தில், ட்ரொலியின் சில்லு டக்கென்று உடைந்து, உருளமாட்டேன் என்று நின்றுவிட்டது. மீன் ட்ரொலி பாவம், எவ்வளவைத்தான் தாங்கும்? கோதை ஒரு கையில் எடுத்தேன். உடைந்த ட்ரொலியை மற்றக் கையில் பிடித்தேன். சால்வைப் பொட்டலம் நிலத்தில் இருந்தது.

"நான் தொடமாட்டன், றீற்றா."

"எனக்கு ரெண்டு கைதானே இருக்கு?"

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி தொடங்கியது. ஆளில்லாமல் கிடக்கும் பொருட்களைக் கண்டால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள் என்று. சேவியர் மேலே பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாதாவே" என்றபடி குனிந்து தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.  எனக்குச் சிரிப்பு வரவேயில்லை.

இரண்டு மணி ரயிலில் நிற்க இடமில்லை. நாங்கள் ஏறியதும் ஒரு வெள்ளைக்கார அம்மா சேவியரின் கையிலிருந்த சால்வைப் பொட்டலத்தைப் பார்த்தாள், சட்டென்று எழுந்து இடம் விட்டாள். சேவியர் அதில் குந்தினார். பொட்டலம் மடியில். எங்கள் ஊரில் இந்தச் சாமான் வருகிறது என்றால் சனம் நிலத்தில் விழும். இந்த ஊரில் அதற்கு இருக்கை கொடுத்தார்கள்.

அந்த அம்மா குனிந்து மெல்லக் கேட்டாள். "பிள்ளை நித்திரையா?"

சேவியர் தலையாட்டினார். பிறகு சால்வைக்குள் கையை விட்டார். அந்தத் துளையை விரல் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார்.

"ஒண்டுமில்லை, றீற்றா" என்றார் எனக்கு மட்டும் கேட்க. "இது இனி எழும்பாது."

தோர்ண்டன் ஹீத்தில் இறங்கியதும், பாவம் மனுசன் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"விடும். நான் கொண்டு வாறன்."