முகம் வைத்துக் கொடுத்தவர்

மேற்கு மாம்பலத்தில் அவர் முப்பரிமாண அச்சுக் கடை வைத்திருந்தார். காதில் பென்சில், எந்தக் கணினிக் கோப்பைக் கொடுத்தாலும் கேட்காமலே திருத்திவிடும் பழக்கம். மறுநாள் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வரும் பார்வையற்ற பிள்ளைகள் தொட்டுப் பார்க்க, கற்காலப் பெண் சிலை ஒன்றின் ஸ்கேனைக் கொடுத்திருந்தேன். முகமே இல்லாத சிலை. உடம்பெல்லாம் செதுக்கிய கீறல்கள்.

அவர் நீட்டியதிலோ கண், மூக்கு, புன்னகை. கீறல் ஒன்றுகூட இல்லை.

"யாருங்க முகம் வைக்கச் சொன்னது?"

"ஃபைலு ரிப்பேரா கீது நைனா. மூஞ்சியே இல்ல. நான்தான் குந்திகினு போட்டேன்."

"இருபதாயிரம் வருஷத்துக்கு மேல அது அப்படித்தாங்க இருக்கு."

தலையிலடித்துக்கொண்டு மறுபடி அச்சிட வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தவர், கீறல்களைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார்.

"செஞ்சவனுக்கு மூஞ்சி போடத் தெரியலையா, வேணாம்னு வுட்டானா?"

தொல்லியலில் இத்தனை படித்தும் எனக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சலோடுதான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.