கோழி மருந்தும் ரெண்டாவது தடவை குடுத்த சீழும்

கோழிக்காய்ச்சல்னு கேரளாக்காரங்க முட்டை லாரியத் திருப்பி அனுப்புனாங்களே, அந்த வருசந்தானுங்க எனக்குக் குடலெறக்க ஆப்பரேசன் பண்ணுனது. மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில நான் வாட்சுமேனு. செட்டு நெறைய முட்டை தேங்கிக் கெடந்துச்சு. டீக்கடையில அவிச்ச முட்டையச் சும்மாவே குடுத்தாங்க, திங்கத்தான் ஆளில்லை. அதை உடுங்க.

ஆப்பரேசன் பண்ணுன எடம் மூடுச்சு, மூணு மாசத்துல மறுக்காப் பொத்துக்கிட்டுச் சீழ் வடிஞ்சுது. என்ற ஊட்டுக்காரி போயிச் சேந்துட்டா. மவ திருப்பூருல. புண்ணு எப்படியிருக்குதுன்னு கேக்க ஒருத்தருமில்லை.

அஸ்தம்பட்டி டாக்டரு சீழெடுத்து லேப்புக்கு எழுதிக் குடுத்தாரு. அங்க வேலை பாக்கற ஒரு புள்ள, "ஏனுங்க தாத்தா, மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?"ன்னுச்சு. இல்லைன்னுட்டேன். பொய்யுங்க. கோழிக்குச் சளி புடிச்சா தண்ணியில கலக்கற மருந்தை, புண்ணு ஆறட்டும்னு தெனம் ஒரு மூடி நானும் குடிச்சுட்டிருந்தேன். சொன்னாச் சிரிப்பாங்கன்னு வெக்கம்.

ரெண்டு வாரம் போயி அந்த லேப்புப் புள்ளகிட்ட இருந்து போன் வந்துச்சு.

"கிருமியே மொளைக்கலீங்க தாத்தா. மொளைச்சாத்தான் எந்த மருந்துக்குச் சாவுதுன்னு பாக்க முடியும். ஒடம்புல மருந்திருந்தா மொளைக்காது. நெசமாலுமே ஒண்ணும் குடிக்கலீங்களா?"

"கோழி மருந்து குடிச்சேன் சாமி."

எழுதிக்கறேன்னுச்சு. அப்பறம், "முட்டை ஏதாச்சும் வெச்சீங்களா?"ன்னுச்சு பாருங்க! அந்த மாசம் நான் சிரிச்சது அன்னிக்கு மட்டுந்தான்.

கோழி மருந்தை நிறுத்திப்போட்டு, டாக்டரு சொன்ன நாள் வரைக்கும் பொறுத்து, மறுக்காச் சீழ் குடுத்தேன். இந்தத் தடவை மொளைச்சுது. டிபி கிருமிக்குப் பங்காளியாம், ஆனா வெரசா வளர்ற சாதியாம். புள்ள போன்ல போட்டோ காட்டுச்சு. உள்ளங்கையகலத் தட்டுல பொடிப்பொடியாக் குழி, ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து, எல்லாத்துலயும் என்ற கிருமி. தெளிஞ்சிருந்தா மருந்து செயிச்சுதுன்னு அர்த்தம். கிட்டத்தட்ட எல்லாமே கலங்கித்தான் கெடந்துச்சு. கோழி மருந்துக்கு ஒறவான மாத்திரை, லேசாக் கிருமியக் கொன்னிருக்க வேண்டியதாம், அதுவும் கலங்கல். அரைகுறையாக் குடிச்சுக் கிருமியப் பழக்கிப்போட்டீங்கன்னாரு டாக்டரு. தெளிஞ்சது ரெண்டே குழி. அதுல ஒண்ணு ஊசி மருந்து. மாசக்கணக்கா பஸ்ஸேறிப் போயிப் போட்டேன்.

புண்ணு மூடிருச்சுங்க. அதுக்கப்பறம் அந்தப் புள்ளயோட போனும் வாரதில்லை. அதுக்கு இனி என்ற கிட்ட என்ன வேலை.

உங்களுக்குத் தெரிஞ்சு பண்ணை வேலைக்காரங்க ஆராச்சும் ஆறாத புண்ணோட இருந்தாச் சொல்லுங்க சாமி. கோழி மருந்தைத் தொட வேண்டாம். தொட்டுட்டாலும், லேப்புல கேக்கறப்ப மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க.