காதுகுத்துக்குக் கூப்பிட்ட குற்றம்

பம்மலில் எங்க வீட்டு முன்னறையில்தான் என் மகன் பை தைக்கிறான். கைப்பிடி வைத்துத் தைப்பது என் வேலை. நான் அஞ்சாவதோடு நின்றவள். மெயில் எழுதுவது, விலை அனுப்புவதெல்லாம் அவன்தான்.

பேத்திக்குக் காது குத்த நாள் குறித்தபோது, வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்க அவனுக்கு நேரமில்லை. பேத்தி படம் போட்ட பத்திரிகையை மெயிலில் அனுப்பிடறேன் என்றான். நான்தான், "ஒருத்தரையும் விட்டுடாதடா. எங்களுக்கு வெக்கலியேன்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்றேன். எப்பவோ ஆர்டர் கேட்டு எழுதின ஆபீஸ் ஆளுங்க வரைக்கும், கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினான். நாள் நெருங்கியதும் இன்னொரு தரம் அனுப்பச் சொன்னேன். ஒரு தரம் கூப்பிட்டால் மரியாதையா?

"இன்னாமா, கல்யாணமா பண்றோம்?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினான்.

விசேஷம் நல்லபடியா முடிந்தது. அப்புறம், முன்னே ஒரு தரம் எழுதியிருந்த சிறுசேரி கம்பெனி ஒன்று லேப்டாப் பைக்கு விலை கேட்டது. கிடைத்தால் மழைக்காலம் பூராவும் மெஷின் ஓடும். விலை எழுதிப் போட்டான், பதிலே இல்லை. சாம்பிள் பைகளைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம்.

"உங்க மெயிலே வரலையே சார்" என்றாள் அங்கிருந்த பெண். எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பேம்ல கிடக்கு. உங்க அட்ரஸ் பிளாக்லிஸ்ட்ல இருக்கு. நிறைய பேர் குப்பைன்னு அமுக்கியிருப்பாங்க" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

லாட்டரி விழுந்ததென்று ஒன்று. கண்ணால் பார்க்கக் கூடாத படம் ஒன்று. நடுவில் பட்டுப் பாவாடையில் என் பேத்தி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் தெரியாம எல்லாருக்கும் அனுப்பிட்டேன் மேடம்" என்றான். அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"ஆர்டர் போன வாரமே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சே சார்."

"லிஸ்ட்லேர்ந்து எப்படி மேடம் பேரை எடுக்கிறது?"

"அந்த லிஸ்ட்டை வெச்சிருக்கிறவங்களுக்கு எழுதிக் கேக்கணும்."

"மெயில்லயா?"

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

அமுக்கினவர்கள் மேல் கோபமில்லை. முகம் தெரியாத வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? ஆனால் ஊரை ஏமாற்றுகிறவனும், ஆசையாகக் கூப்பிட்ட நாங்களும் ஒரே குப்பையா? ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தள்ளியிருக்கலாம்.

பைகளைத் திரும்பக் கட்டும்போது அந்தப் பெண், "பாப்பா அழகா இருக்காம்மா" என்றாள். 'ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா' என்று வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் சட்டென்று பேசுகிறவள் இல்லை நான், அன்றைக்கு என்னவோ அப்படி வந்தது. மறுபடியும் கூப்பிடுகிறேனே என்று விழுங்கிக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மகன் பின்னால் நடந்தேன்.