கீழ் மூலையில் தொடங்கிய விரிசல்

காலை ஏழே கால். முதலில் கண்ணில் பட்டது விரிசல்தான். ஜன்னலின் கீழ் இடது மூலையில் தொடங்கி, வளைந்து, மேற்சட்டம் வரை ஒரே கோடாகப் போயிருந்தது. ஐந்து வாரங்களுக்கு முன் நான் பொருத்திய கண்ணாடி.

அலோன் பேட்டையில் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் மாடி வீடு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் வீடு வீடாகப் போய் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். தேக்குச் சட்டம் மழைக்கு ஊதும். அதனால் கண்ணாடியைச் சுற்றிலும் ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். அந்த இடைவெளியை, கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டப் பூசும் மக்குப் பசை மூடிவிடும். சட்டம் காய்ந்து கிடந்த கோடையில் நான் இடமே விடாமல் இறுக்கிப் பொருத்தியிருந்தேன். மக்குப் பட்டை மெலிதாக இருந்தால் பார்க்க அழகு. குமாஸ்தாவின் மனைவி அதைப் பாராட்டி, அதே வரிசையில் மூன்று வீடுகளுக்கு என்னைச் சொல்லிவிட்டிருந்தார்.

ஏதாவது மோதினால் பட்ட இடத்திலிருந்து நாலு பக்கமும் விரிசல் ஓடும். மூலையிலிருந்து ஒற்றைக் கோடு போனால் சட்டம் நெருக்கியது என்று பொருள்.

"முதல் மழைக்கே ஜன்னல அறைஞ்சு சாத்தியிருக்கா," என்றார் அந்த அம்மாள். "பூப்போல சாத்துடின்னா, திருடனப் பாத்தவ மாதிரி சாத்துறது."

வேலைக்காரப் பெண் ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். அக்கரையில் டாலாவிலிருந்து தினமும் சம்பான் படகில் ஆற்றைக் கடந்து வருபவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

"அறையலம்மா. கொக்கியப் பிடிச்சு மெல்லத்தான் சாத்துனேன்."

"பின்ன தானா விரிஞ்சுதாக்கும். போன மாசம் பீங்கான் தட்டு, அதுவும் தானா. இனிமே உன்ன வச்சுக்க முடியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு தம்பி. உன் வேலதானே இது. கண்ணாடி தானா விரியுமா?"

சட்டத்தை விரலால் தடவினேன். தடவிப் பார்க்க எதுவும் இல்லை.

"தானா எப்படிக்கா விரியும்?" என்றேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த அம்மாள் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். வேண்டாம் என்றுகூட நான் சொல்லவில்லை. அதை உட்கார்ந்து குடித்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அளவெடுக்கும்போது மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

வியாழக்கிழமை புதுக் கண்ணாடியோடு போனேன். கதவைத் திறந்தவள் வேறொருத்தி.