புதுசா திறந்தீங்களா, மிஸி?

மருத்துவமனையில் எல்லாரையும் கை கழுவச் சொல்லி நச்சரிப்பதுதான் என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், சம்பளம் வாங்கும் மாமியார். தொற்றுத் தடுப்புத் தாதி என்று பெயர்; எங்கள் ஊரில் தாதியை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்லது சொல்லித் திட்டு வாங்கியவர் என்றால் நீங்களும் என் கட்சிதான்.

நான் வந்தால்

மலேசியாவின் கிள்ளானில், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வார்டுக்குள் நான் நுழைந்தாலே அரட்டை நின்றுவிடும். கையுறையோடு டெலிபோனைத் தொட்டவர் கூரையைப் பார்ப்பார். கூட வேலை செய்யும் தாதி லெட்சுமி ஒருநாள் சொல்லியேவிட்டாள்: "அக்கா, ஒங்களப் பாத்தா போலீஸ் ரோட் பிளாக்கப் பாத்த மாதிரி இருக்கு லா!"

ஒரே போத்தல்

அந்த வார்டில் யாழினி என்று ஐந்து வயதுக்காரி. ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து அம்மா சாந்தி அழைத்து வருவாள். புற்றுநோய் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சமயத்தில், யாழினியின் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் அதே. மருந்து ஏற்றியதும் குழாயை உப்புநீரால் அலசுவோம். வேலை மும்முரத்தில் பெரிய போத்தல் ஒன்றைத் திறந்து வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்குப் போட்ட ஊசி மறுபடி அதற்குள் போனால் போதுமே.

எப்படியோ வந்துவிட்டது என்று நழுவியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பெரிய டாக்டரையும் கூட்டிக்கொண்டு போய், இங்கேதான் வந்தது, எங்கள் கையால்தான் வந்தது என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் அழக்கூட இல்லை. "ஒரு நோயோட கொண்டாந்தேன், மிஸி. இன்னொன்னையும் குடுத்துட்டீங்களே?"

கட்டிலில் ஒரு காவல்

அன்றிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு சின்ன உப்புநீர்க் குப்பி. அதுவும் அந்தப் பிள்ளையின் கண்ணெதிரே திறக்க வேண்டும். மறுநாளே லெட்சுமி அவசரத்தில், திறந்த குப்பியோடு வந்துவிட்டாள். யாழினி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "புதுசா திறந்தீங்களா, மிஸி? நான் பாக்கலயே. வேற கொண்டாங்க லா!"

பொட்டலம்

வைரஸுக்கு மாத்திரை உண்டு. ஏற்கெனவே வாடிப்போன குழந்தைக்கு அது கேட்குமா என்ற கவலையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கேட்டது. மாத்திரை முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு பிள்ளைகளிடமும் வைரஸ் இல்லை.

அன்று சாந்தி வார்டு முழுவதற்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டிக் கொண்டு வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க, மிஸி. ஒளிக்காம சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் இது. மொதல்ல கைய கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

ஊருக்கே கை கழுவச் சொல்லிச் சலித்த எனக்கும் அதைச் சொல்ல ஒருத்தி வாய்த்தாள் என்றால், நான் கொடுத்து வைத்தவள்தான்.